ஏன் அசோகமித்திரன்?

பிடித்த எழுத்தாளர் யார் என்று கேட்டால், பெரிய எழுத்தாளர் யார் என்ற கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் சொல்கிறோம். பெரியவர் யார் என்பதை விமர்சகர்கள் பேசி முடிவு செய்யட்டும். படித்து முடித்துப் புத்தகத்தை அலமாரியில் வைத்த பிறகும் யாருடைய பார்வை நம்மோடு கடைத்தெருவுக்கும் அலுவலகத்துக்கும் கூடவே வருகிறதோ, அவர்தான் பிடித்தவர். எனக்கு அவர் அசோகமித்திரன்.

தி. ஜானகிராமனின் உரையாடல்களில் சொக்கிப்போயிருக்கிறேன். ஜெயகாந்தனோடு மனசுக்குள் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் ஒரு மனிதரைப் பற்றி அவசரமாக முடிவு கட்டப் பார்க்கும்போது என்னைத் தடுத்து நிறுத்துபவர் அசோகமித்திரன்தான்.

‘புலிக்கலைஞன்’ கதையில் சினிமா ஸ்டுடியோவுக்கு வாய்ப்புக் கேட்டு வருகிறார் காதர். பார்த்த மாத்திரத்தில், இப்போது ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடத் தோன்றுகிற ஆள். புலித்தலையை மாட்டிக்கொண்டதும் அந்த அறையில் மனிதர் இல்லை, புலிதான் இருக்கிறது. பார்த்தவர்கள் அரண்டுபோகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் மறுபடி பிழைப்புக்கு வழி தெரியாமல் கெஞ்சுகிற அதே காதர். பிற்பாடு அவருக்காகக் கடிதம் போகிறது. ஆள் அந்த விலாசத்தில் இல்லை. ஸ்டுடியோவில் யாரும் கெட்டவர்கள் இல்லை. திட்டித் தீர்க்க ஒரு ஆள் கிடைத்திருந்தால் நம் மனசு ஆறியிருக்கும். அந்த ஆறுதலை அசோகமித்திரன் தருவதில்லை.

1931இல் செகந்திராபாத்தில் பிறந்து, தகப்பனார் இறந்த பின் 1952இல் சென்னைக்கு வந்தவர் அவர். ஜெமினி ஸ்டுடியோவில் பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பது அவர் பார்த்த வேலைகளில் ஒன்று. சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் சுற்றியிருந்தவர்கள் நினைத்தார்கள். நட்சத்திரங்கள் நடமாடிய இடத்தில் அவர் கண் மேக்கப்காரர்கள் மீதும் எடுபிடிகள் மீதும் படிந்திருந்தது. எனக்கு அந்தக் கண் பிடிக்கும்.

‘பதினெட்டாவது அட்சக்கோடு’ நாவலின் முடிவு என்னை இன்னும் விடவில்லை. 1948, ஹைதராபாத் கலவர நாட்கள். தப்பி ஓடும் கதாநாயகன் சந்திரசேகரன் ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் புகுந்துவிடுகிறான். தங்களைத் தாக்க வந்தவன் என்று நினைத்து நடுங்குகிறது அந்தக் குடும்பம். மற்றவர்களைக் காப்பாற்ற ஒரு சிறுபெண் தன் ஆடையைக் களைந்து அவன் முன் நிற்கிறாள். அவன் கூசி வெளியே ஓடுகிறான். அதுவரை பயந்துகொண்டிருந்தவன் அவன். தானும் ஒருவரைப் பயமுறுத்தக்கூடியவன் என்று அந்த நொடியில் தெரிந்துபோகிறது. நியாயம் முழுக்க என் பக்கம்தான் என்று அடித்துப் பேசும் நேரங்களில் அந்தப் பெண் ஞாபகத்துக்கு வருகிறாள். பேச்சைக் குறைத்துக்கொள்கிறேன்.

அவர் எழுத்து வறண்டது என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். ‘தண்ணீர்’ நாவலில், வாழ்க்கையில் நொந்துபோன ஜமுனாவை டீச்சரம்மா தேற்றும் இடத்தைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தன் சொந்தக் கஷ்டத்தைச் சொல்லித்தான் தேற்றுகிறாள். கண்ணீரைப் பிழிய ஒரு சொல்கூட அங்கே இல்லை.

அவரை இதுவரை படிக்காதவர்கள் ‘புலிக்கலைஞ’னில் தொடங்குங்கள். ஒரே மூச்சில் படித்துவிடலாம். அடுத்து ‘தண்ணீர்’ படியுங்கள்.