சிதைவதும் சிதைய விடுவதும்

எல்லாமே அநித்தியம் என்று போதிக்கும் தம்மத்தில் இருந்துகொண்டு ஒரு கல்தூணுக்கும் பழைய வாடா வீட்டுக்கும் ஏன் இத்தனை பாடுபடுகிறோம்? புனேயின் போபோடியில் உள்ள எங்கள் விகாரையில் ஞாயிறு வந்தனை முடிந்ததும் கல்லூரிப் பிள்ளைகள் இதைத்தான் கேட்கிறார்கள். “இடத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதும் பற்றுதானே அக்கா?”

நல்ல கேள்வி. பதிலை மகாபரிநிப்பான சுத்தத்தில் தேடச் சொல்வேன். கூடியவை எல்லாம் கலையும் என்று சொன்ன அதே மூச்சில், அசட்டையின்றி முயலுங்கள் என்றும் சொல்லிவிட்டுத்தான் புத்தர் கண்மூடினார். முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை. தாம் பிறந்த இடம், ஞானம் பெற்ற இடம், முதலில் போதித்த இடம், மறையும் இடம் ஆகிய நான்கையும் போய்ப் பார்க்கத் தக்கவை என்று அவரே அதில் குறிப்பிடுகிறார்.

மழையில் சுவர் கரைவது அநித்தியம். கரையட்டும் என்று விட்டுவிடுவது மனிதர் செய்யும் காரியம். ஜோதிராவ் புலேவும் சாவித்திரிபாயும் 1848இல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய பிடே வாடா இதே புனேயில்தான் இருந்தது. பல ஆண்டுகள் வழக்கில் கிடந்து நைந்துபோய், 2023 டிசம்பரில் நினைவகம் கட்டுவதற்காக இடிக்கப்பட்டது. நினைவகம் வரட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் அந்தச் சிறுமிகள் நுழைந்த வாசலில் இனி எவரும் நுழைய முடியாது.

பீமா கோரேகாவ் தூணைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் தங்கள் வெற்றிக்காகத்தான் நட்டார்கள். 1818 ஜனவரி 1 அன்று நடந்த சண்டையில் இறந்த, ஒடுக்கப்பட்ட மகார் வீரர்களின் பெயர்களும் அதில் இருந்தன. 1927 ஜனவரி 1 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் அங்கே போய் நின்றார். அது யாருடைய தூண் என்பதை அதற்குப் பிறகு மக்கள் முடிவு செய்துவிட்டார்கள். ஆண்டுப் பிறப்பன்று எங்கள் சந்திலிருந்தும் விடியுமுன்பே வண்டிகள் கிளம்பும். நியூயார்க்கிலும் இப்படித்தான் நடந்தது. 1991இல் அரசுக் கட்டடத்துக்குத் தோண்டியபோது கறுப்பின அடிமைகளின் இடுகாடு வெளிப்பட்டது. கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிப் போராடியதால்தான் வேலை நின்றது. எலும்புகள் 2003இல் மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்யப்பட்டன.

காப்பது கல்லை மட்டுமல்ல, எழுத்தையும்தான். என் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கட்கி வெடிமருந்து ஆலை வேலைக்கு வந்தவர். ஆயா கோலார் தங்கவயலில் பிறந்தவர். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கம் தங்கவயலிலும் வேரூன்றியது. 1907இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழின் எழுத்துக்களைத் தங்கவயல் பௌத்தர்கள் சித்தார்த்தா புத்தகசாலை வழியாக மறுபடி அச்சிட்டுக் காத்தார்கள். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. பண்டிதரின் எழுத்து இன்று நம் கையில் இருக்கிறது.

பற்று ‘இது எனக்கு’ என்று சொல்லும். காப்பவர்களோ இனி வரப்போகிறவர்களுக்காகக் காக்கிறார்கள். நன்றியறிதலை மங்கள சுத்தம் மங்கலங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. இப்படிக் காப்பதை நான் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். அநித்தியத்தை நம் எல்லோரையும்விட நன்கு அறிந்த பாபாசாகேப், 1954 டிசம்பர் 25 அன்று தேஹூ ரோட்டில் புத்தர் சிலையைத் தம் கையால் நிறுவினார்.

போபோடியிலும் கட்கியிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய விகாரைப் படங்கள், தீட்சைப் பத்திரிகைகள், ஆலை அடையாள அட்டைகள் உங்கள் பெட்டியில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்னால் பென்சிலால் பெயரையும் ஆண்டையும் எழுதிவையுங்கள்.