ஈர விறகு: முன்முடிவு பற்றிய ஓர் அளவையியல் ஆய்வு

ஆலத்தூர் நாடு முதலான கொல்லிமலை நாடுகளில் (நாடு என்பது அங்குப் பல சிற்றூர்களை உள்ளடக்கிய மரபுவழி நிலப்பிரிவு) வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுகின்றனர். அவர்களுடைய தாய்மொழி தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறியதாக அவர்களின் வாய்மொழி மரபு கூறுகிறது. எனினும், அப்பெயரை மட்டும் கேட்கும் சமவெளியினர் பலர் அவர்களைக் கேரளத்தவர் என்றே எண்ணிவிடுகின்றனர். இப்பிழையை ஒரு விளக்கத்தால் திருத்திவிடலாம். ஆனால், பெயரிலிருந்து இயல்பை ஊகிக்கும் இதே பழக்கத்தோடு அச்சமும் அதிகாரமும் சேரும்போது அது ஒரு சமூகத்தின் மீது சுமத்தப்படும் பழியாகிறது என்பதற்கு முஸ்லிம்களின் நிலை சான்றாகும்.

அரபியர், முஸ்லிம் என்னும் இரு சொற்களும் ஒரே பொருளில் வழங்கப்படுவதே முதற்பிழை. லெபனான், பாலஸ்தீனம் ஆகிய இடங்களில் அரபுக் கிறித்தவர்கள் தொன்றுதொட்டு வாழ்கின்றனர். உலக முஸ்லிம்களிலோ அரபியர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரே. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 5.86 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். அவர்களில் மிகப் பலருக்குத் தமிழே வீட்டுமொழி. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் வழிவந்த இச்சமூகத்தைத் துருக்கரைக் குறித்த சொல்லின் திரிபாகிய ‘துலுக்கர்’ என்னும் பெயரால் சுட்டுவது, சொந்த மண்ணிலேயே அவர்களை அயலாராக்கிவிடுகிறது.

இப்பிழையின் அமைப்பை விளக்க இந்திய அளவையியலே, அதாவது அறிவு பெறும் வழிகளை ஆராயும் துறையே, போதிய கருவிகளைத் தருகிறது. மலையில் புகையைக் கண்டு அங்குத் தீ உண்டெனத் துணிவது அனுமானம். புகை உள்ள இடமெல்லாம் தீ உண்டு என்னும் விலகாத உடனிகழ்ச்சி வியாப்தி எனப்படும். இதைத் திருப்பி, தீ உள்ள இடமெல்லாம் புகை உண்டு எனக் கூறுதல் பொருந்தாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் தீ உண்டு, புகை இல்லை. ஈர விறகு சேர்ந்தால்தான் தீ புகையும். இவ்வாறு மறைந்து நிற்கும் நிபந்தனையை நியாயத் தத்துவ மரபினரான நையாயிகர் உபாதி என்றனர்.

உபாதியை மறப்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். 2020 மார்ச்சில் தில்லி நிஜாமுதீனில் நடந்த, தப்லீக் ஜமாஅத் என்னும் முஸ்லிம் சமய இயக்கத்தின் கூட்டத்தில் கலந்துகொண்ட பலருக்குக் கொரோனா தொற்று கண்டறியப்பட்டது உண்மை. மூடிய இடத்தில் பலர் நெருங்கித் தங்கியதே அங்கு உபாதி. அது எந்தச் சமயத்தார் கூட்டத்துக்கும் பொதுவானது. ஆனால், நிபந்தனை மறக்கப்பட்டுச் சமயமே நோய்க்குக் காரணமாகப் பேசப்பட்டபோது முஸ்லிம் வணிகர்களைப் புறக்கணிக்கும் அழைப்புகள் எழுந்தன. அக்கூட்டத்தில் கலந்துகொண்டதாகக் கூறப்பட்ட 29 வெளிநாட்டினர் மீதான வழக்குகளை 2020 ஆகஸ்டில் நீக்கிய மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அவர்கள் பலிகடாக்களாக்கப்பட்டதாகக் கருதியது. இலங்கையில் அதே ஆண்டு, நல்லடக்கத்தை உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருந்தும், தொற்றால் இறந்த முஸ்லிம்களின் உடல்களும் கட்டாயமாக எரிக்கப்பட்டன. அவ்விதி 2021 பிப்ரவரியில் தளர்த்தப்பட்டது, 2024இல் அரசு மன்னிப்புக் கோரியது.

இங்கு ஒரு தடை எழலாம். 1998 பிப்ரவரியில் கோவையில் நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் உயிரிழந்தனர். அதைச் செய்தவர்கள் தம் சமயத்தின் பெயரைச் சொல்லியே செய்திருக்க, அச்சம் எவ்வாறு முன்முடிவாகும் என்பது அத்தடை. இறந்தோரின் துயரை எந்தத் தருக்கமும் குறைக்க இயலாது. ஆயினும், வியாப்தி நிலைபெற ஒரு விலக்கும் இருத்தலாகாது. அக்குற்றத்தில் பங்கேதுமில்லாமல், அதன் பழியையும் அச்சத்தையும் மட்டும் சுமந்த பல்லாயிரம் கோவை முஸ்லிம்களே முஸ்லிம் என்றாலே வன்முறை என்னும் பொதுவிதியை உடைக்கும் விலக்குகள். ஆதாரமற்ற ஐயத்தைத் தவிர்க்குமாறு திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் கூறும் அறிவுரையும் இதனோடு இணைகிறது. அது பிற சமயத்தாரைப் பற்றி முஸ்லிம்கள் கொள்ளும் ஐயங்களுக்கும் பொருந்தும்.

காட்சி எட்டாத இடத்தில்தான் கருதல் அளவை எனப்படும் அனுமானம் வேண்டப்படும் என்பது அளவையியலின் அடிப்படை. தொலைவிலுள்ள மலையில் தீ உண்டோ என அறியப் புகையைத் தேடலாம். அடுத்த வீட்டில் வாழ்பவரை அறிவதற்குப் புகையைத் தேடுவோர், கதவைத் தட்டும் எளிய வழியைத் தாமே கைவிட்டவராவர்.