சுவரில் ஏறிய பாய்

கல்முனையை அடுத்த ஊரொன்றில் கலைக்கூடம் அமைப்பது பற்றி நண்பர்கள் சிலர் அண்மையில் கூடிப் பேசினோம். வரைகின்ற இளைஞர்கள் இருக்கிறார்கள். வரைந்தவற்றை மாட்டிவைக்கத்தான் இடமில்லை. கூடத்தின் உட்புறம் எவ்வாறு அமைய வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, கொழும்பில் கட்டடக்கலை பயின்று வந்த நண்பர், "கண்ணாடியும் அலுமினியமும் நமக்கு வேண்டாம், நம் மண்ணில் விளைந்ததைக் கொண்டே செய்வோம். சுவரெங்கும் பன்பாய், யன்னல்தோறும் மருதமுனைத் தறித்துணி, கூரையின் உட்புறம் கிடுகு" என்றார். எல்லோரும் மகிழ்ந்தோம். வீடு திரும்பும் வழியில்தான் அந்த மகிழ்ச்சிக்குள் ஏதோ உறுத்தத் தொடங்கிற்று.

என் மூத்தம்மா பாய் இழைத்தவர். தாழ்நிலத்துப் பன்னை வெட்டிக் கொணர்ந்து, வெயிலில் உலர்த்தி, அதில் ஒரு பங்கைச் சாயத்தில் அவித்தெடுத்து, நாட்கணக்கில் குந்தியிருந்து இழைப்பார். அவர் முதுகு கூனியது அதனால்தான் என்று உம்மா சொல்வதுண்டு. அந்தப் பாயில் உண்டோம், உறங்கினோம், தொழுதோம். இறந்தவரையும் அதில்தான் கிடத்தினோம். அதைக் கலை என்று எவரும் சொன்னதில்லை. விலை பேச வந்த வியாபாரி சொல்லாததில் வியப்பில்லை, நாங்களும் சொன்னதில்லை. இப்போது அதே பாய் சுவரில் ஏறப்போகிறது. அதன்மேல் ஓர் ஓவியம் தொங்கும். ஓவியத்தின் மூலையில் ஓவியரின் ஒப்பம் இருக்கும். அருகே ஓர் அட்டையில் அவர் பெயரும் ஆண்டும் இருக்கும். பாய் பின்னணியாக நிற்கும். பின்னணிக்கு அட்டை எழுதும் வழக்கம் எங்கும் இல்லை.

கைவினையைக் கொண்டு ஒரு கூடத்தை அழகுசெய்வது, அதைச் செய்தவருக்கு நாம் அளிக்கும் மதிப்பா? அல்லது அவருடைய உழைப்பை இன்னொரு முறை பெயரற்றதாக்கும் செயலா?

இலங்கையில் இந்த வழியை முதலில் திறந்தவர்களை நன்றியோடு நினைக்க வேண்டும். 1948இல் லுணுகங்கையில் தோட்டம் அமைக்கத் தொடங்கிய ஜெப்ரி பாவா, பிற்காலத்தில் தாம் எழுப்பிய கட்டடங்களில் ஓட்டையும் மரத்தையும் கருங்கல்லையும் வெட்கமின்றி வெளியே காட்டினார். பெந்தோட்டைக் கடற்கரை விடுதியின் வரவேற்புக் கூடத்தில் ஏனா டி சில்வாவின் பத்திக் துணிகளே மேல்விதானமாக அமைந்தன. பார்பரா சன்சோனி 1964இல் தொடங்கிய நிறுவனம் கைத்தறியின் வண்ணங்களை உலகறியச் செய்தது. மேனாட்டு அறைகலனே நாகரிகம் என்று கருதிய ஒரு வகுப்பின் கண்ணை இவர்கள் திருப்பிவிட்டார்கள். அந்த விதானத்துக்கு மெழுகிட்டுச் சாயம் தோய்த்த கைகள் யாருடையவை என்று இன்று கேட்டால், விடை எளிதில் கிடைப்பதில்லை. ஏனா டி சில்வா மாத்தளையை அடுத்த அலுவிகாரையில் பெண்களுக்குத் தொழிலும் வருவாயும் தேடிக் கொடுத்தவர். அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. குறை வழக்கத்தில் இருக்கிறது. வடிவமைத்தவருக்குப் பெயர், செய்தவருக்குக் கூலி என்று உலகம் பிரித்து வைத்திருக்கிறது.

பெயரின்மையே கைவினைஞனின் பெருமை என்று வாதிட்டவர்களும் உண்டு. ஜப்பானிய அறிஞர் யனாகி சோயெட்சு 1936இல் தோக்கியோவில் நாட்டார் கைவினை நூதனசாலையை நிறுவினார். கல்லும் மரமும் வெண்சாந்துமாக அவரே உருவமைத்த கட்டடம் அது. தன்முனைப்பற்ற எளிய மனிதர், நாளாந்தப் பயன்பாட்டுக்கென எண்ணிறந்த முறை செய்து பழகிய பொருளிலேதான் உண்மையான அழகு பிறக்கிறது என்பது அவர் கொள்கை. மூத்தம்மாவின் பாயை நினைக்கும்போது இக்கருத்தை என்னால் முற்றாகத் தள்ள முடியவில்லை. அவர் கை தன்னை மறந்துதான் இழைத்தது. ஆயினும் பெயரைத் துறப்பதற்கு முதலில் பெயர் இருக்க வேண்டும். ஞானி தன் பெயரை விடுவது துறவு. ஏழைப் பெண்ணிடம் எவரும் பெயர் கேளாதது புறக்கணிப்பு. கையொப்பமிட்ட தூரிகைக்காரரை நடுவே நிறுத்திவிட்டு, பாய் இழைத்தவளுக்கு மட்டும் தன்னடக்கத்தைப் போதிப்பது எந்த நீதி?

சென்னைக்கருகே 1966இல் கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் அமைத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை இங்கே எண்ணிப் பார்க்கலாம். ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாத காலம் அது. பத்திக், தோல்வேலை முதலியவற்றைச் செய்து விற்று, அந்த வருவாயில் அவர்கள் ஓவியம் தீட்டினார்கள். கைவினை சோறிட்டது; ஓவியம் உண்டது. ஒரே மனிதரின் இரு கைகளாக அவை இருந்ததால் அங்கே எது உயர்ந்தது என்ற வழக்கு எழ இடமிருக்கவில்லை. இரு வேலைகளையும் இரு வகுப்பாருக்குப் பங்கிட்டுவிட்ட இடங்களில்தான் பின்னணி என்ற சொல் பிறக்கிறது.

இயற்கைப் பொருள் என்றவுடன் அது குற்றமற்றது என்று கொள்வதும் சரியன்று. நண்பர் விரும்பிய வெண்மையான சுண்ணாம்புச் சுவரையே எடுத்துக்கொள்வோம். இலங்கைக் கரைகளில் சுண்ணாம்பு நெடுங்காலம் முருகைக்கல்லைச் சுட்டே பெறப்பட்டது. கரையைக் காத்து நின்ற பாறையை நாமே அகழ்ந்து சூளையிலிட்டோம். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் 1988ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்த பின்னரே அதற்குத் தடை விழுந்தது. தென்மேற்கே பெரேலியாவில் முருகை அகழப்பட்ட இடத்தில் 2004 டிசெம்பர் 26ஆம் நாளின் அலை கூடுதலாக உட்புகுந்தது என்று ஆராய்ந்தோர் எழுதினர். அந்த நாளில் இலங்கையின் மாவட்டங்களுள் மிகக் கூடிய உயிரிழப்பு நம் அம்பாறையிலேதான். 10,000 பேருக்கு மேல் மாண்டனர். அதற்குப் பின் இந்தக் கரை மக்கள் சீமெந்தையும் கம்பியையும் நாடினார்கள் என்றால், அவர்களுக்கு அழகுணர்ச்சி குன்றிவிட்டது என்று எவரும் சொல்ல வேண்டாம். கிடுகுக் குடிசையின் ஒழுக்கில் வளர்ந்தவருக்குக் கிடுகு வறுமையின் நினைவு. அதை விதானமாக்கி ரசிப்பவர் ஒழுக்கறியாத வீட்டில் பிறந்தவராகவே பெரும்பாலும் இருப்பார்.

இவ்வளவும் சொன்னபின், அலுமினியமே போதும் என்கிறாயா என்று நண்பர் கேட்டார். இல்லை. பன்பாய்ச் சுவர் வேண்டும் என்றே இப்போதும் நினைக்கிறேன். காரணம், பலர் அதன் குறையாகச் சொல்வதுதான்: அது நெடுநாள் நிலைக்காது.

வாடைக்காற்றின் மழை மாதங்களில் நம் கரையின் ஈரம் சுவருக்குள்ளும் புகும். பின்னர் கச்சான் வீசி எல்லாவற்றையும் உலர்த்திப் பிளக்கும். உப்புக்காற்றில் இரும்பாணி துருவேறிப் பாயில் கறை பதிக்கும். ஆகவே மர ஆணியும் தும்புக்கயிறும் கொண்டே கட்ட வேண்டும். சுவரோடு ஒட்டாமல் ரீப்பைச் சட்டத்தில் பாயை இழுத்துக் கட்டி, பின்னால் காற்றோட இடம் விட வேண்டும். இல்லையேல் கறையானும் இராமபாணப் பூச்சியும் குடியேறும். ஒளியும் பகை. தாளுக்கும் துணிக்கும் 50 லக்ஸ் அளவே போதும் என்று உலகின் நூதனசாலைகள் வகுத்திருக்கின்றன. ஓவியத்துக்காக அதை அளக்கப் போகிறவர்கள், பாயின் சிவப்புச் சாயம் யன்னலோரத்தில் வெளிறுவதையும் அளப்பார்களா? கூடத்தார் எதை மதிக்கிறார்கள் என்பது அந்த அளவுக்கருவி எங்கே வைக்கப்படுகிறது என்பதில் தெரிந்துவிடும்.

எத்துணை பேணினாலும் சில ஆண்டுகளில் பாயை மாற்றியாக வேண்டும். அலுமினியத் தகட்டைப் பொருத்தியவன் ஒரு முறை வந்து கூலி பெற்றுப் போய்விடுவான். பாய் இழைப்பவளோ மீண்டும் மீண்டும் அழைக்கப்பட வேண்டியவள். அவள் வாழ வேண்டும். அவள் தொழில் வாழ வேண்டும். கரைவாகு வெளியின் தாழ்நிலம் முழுவதும் வீட்டுக்காக மண்ணிட்டு நிரப்பப்படாமல் பன் முளைக்க இடம் இருக்க வேண்டும். 1977க்குப் பின் இறக்குமதித் துணி வந்து குவிந்தபோது கைத்தறி எவ்வாறு நலிந்தது என்பதை மருதமுனை அறியும். தறித்துணியை ஒரு முறை வாங்கித் திரையாக்கிவிட்டுத் தறியை மறந்த கூடம், சந்தை செய்ததையே நயமாகச் செய்கிறது.

எங்கள் கரையில் திருமணத்தின்போது வீடு பெண்ணுக்குச் சேரும் வழக்கம் உண்டு. பெண்ணின் வீடு, பெண் இழைத்த பாய். கலைக்கூடத்தில் மட்டும் அவள் பெயர் வாசலோடு நின்றுவிட வேண்டுமா? ஓவியத்துக்கு எழுதும் அட்டையின் அளவிலேயே பாய்க்கும் ஓர் அட்டை எழுதுங்கள், கோலத்தை அவளே தெரிவுசெய்யட்டும் என்றேன். நண்பர் உடனே ஒப்பினார். கூலி பற்றிய பேச்சில் மட்டும் சற்றுத் தயங்கினார்.

மறுவாரம் இருவரும் இன்னும் பாய் இழைக்கிற மூதாட்டி ஒருவரிடம் போனோம். நண்பர் தம் வரைபடத்தை விரித்துக் காட்டினார். அவர் படத்தைப் பார்க்கவில்லை.

"ஈரச் சுவராமகன்?"

கடலுக்கு அண்மை என்றார் நண்பர்.

"அப்ப மூணு வருசம். அதுக்குப் பொறகு ஆர் இழைக்கிற? எனக்குக் கண் மங்கிட்டு. பேத்திக்குத் தெரியும், அவள் கார்மென்ட்ஸுக்குப் போறாள்."

பேத்தியைக் கேட்டுப் பார்க்கலாமா என்றேன். மூதாட்டி பாதி இழைத்த பாயைக் காலால் அழுத்திக்கொண்டு அடுத்த பன்னை எடுத்தார்.

"கேக்கலாம். அவளுக்கு அங்க நாட்கூலி என்னண்டு முதல்ல விசாரிச்சிட்டு வாங்க மகன்."