படைவீரர் பிள்ளையின் படிப்புச் செலவு

ஹவில்தாராக ஓய்வுபெற்று வால்பாறைக்குத் திரும்பிய ஒருவரின் மகளுக்குப் பொறியியல் படிக்க ஆசை என்று வைத்துக்கொள்வோம். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோதான் அவள் போயாக வேண்டும். அன்றாடம் போய்த் திரும்புகிற தூரமில்லை. கவுன்சலிங்கில் கிடைக்கும் தனியார் கல்லூரிக்கு 2017-இல் தமிழக அரசின் கட்டணக் குழு நிர்ணயித்ததே ஆண்டுக்கு 50,000 ரூபாய். தரச்சான்று பெற்ற படிப்புக்கு 55,000. விடுதி, மெஸ் பில், பஸ் செலவு எல்லாம் தனி.

முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான பிரதமரின் கல்வி உதவித்தொகை மாணவிக்கு மாதம் 3,000, மாணவனுக்கு 2,500 என 2019-இல் உயர்த்தப்பட்டது. ஆண்டுக்கு 36,000, கட்டணத்துக்கே போதவில்லை. அதுவும் நாடு முழுக்க ஆண்டுக்கு 5,500 பேருக்குத்தான். பணம் ஆண்டுக்கொரு முறை வங்கிக் கணக்கில் விழும். கல்லூரி ஆபீசில் செலானை நீட்டுவதோ சேர்க்கை நாளன்றே. இடைப்பட்ட மாதங்களுக்கு அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது. உள்ளூர் அரசுக் கல்லூரியிலேயே சாதாரண பி.எஸ்சி. சேர்ந்தால் இந்தத் திட்டம் பொருந்தாது. ஹவில்தார் வரையிலானவர்களின் பிள்ளைகளுக்கான பாதுகாப்பு அமைச்சர் நிதி மாதம் 1,000 கொடுத்துவந்தது. 2025 நவம்பரில்தான் அது 2,000 ஆனது.

இந்த உதவியைச் சலுகை என்று பேசுவது தவறு. படை இளமையாக இருக்க வேண்டும் என்பதற்காக ஜவானை நாற்பதுகளிலேயே, பலரை அதற்கும் முன்பே, அரசு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. பிள்ளைகள் கல்லூரி வாசலுக்கு வருகிற நேரத்தில் கையில் இருப்பது கடைசிச் சம்பளத்தில் பாதி. அந்த இழப்பு நாட்டின் தேவைக்காக நேர்ந்தது. ஈடுகட்ட வேண்டியதும் நாடுதான்.

விலைவாசி ஏறுகிறது என்பது அரசுக்குத் தெரியாததல்ல. அதே ஹவில்தாரின் ஓய்வூதியத்துக்கான அகவிலைப்படி 2019 ஜூலையில் 17 விழுக்காடு, 2025 ஜனவரியில் 55. அந்தக் கணக்குப்படி 3,000 ரூபாய் இதற்குள் 3,970-ஐத் தாண்டியிருக்க வேண்டும். தகப்பனுக்கு ஒப்புக்கொண்ட விலையேற்றத்தை மகளுக்கு மறுக்க என்ன நியாயம்? போரில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு 1971 போருக்குப் பின் வந்த முழுக் கட்டணச் சலுகைக்கு 2017-இல் மாதம் 10,000 என்று வரம்பு போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் 2018 மார்ச்சில் நீக்கினார்கள். செலவு எவ்வளவோ அவ்வளவு கொடுப்பதே முறை என்று அரசே அன்று ஏற்றுக்கொண்டது.

தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் கொழுந்து பறிப்பவரின் மகளும் இதே மலையை இறங்கித்தான் படிக்கப் போகிறாள். அவளுக்கில்லாத உரிமை இவளுக்கு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவளுக்கும் அரசு கடன்பட்டிருக்கிறது, வேறு காரணத்தால். ஒரு கடனைக் காட்டி இன்னொன்றைத் தள்ளிப்போட முடியாது. அகவிலைப்படி உயரும் நாளிலேயே உதவித்தொகையும் அதே விகிதத்தில் உயரட்டும். சேர்க்கைக்கு முன்பே ஒரு பகுதி கைக்கு வரட்டும். ஊரில் தொழிற்கல்லூரி இல்லாத மலைப்பகுதிப் பிள்ளைக்கு விடுதிச் செலவைத் தனியே கொடுக்கட்டும். இதற்கான பணத்தைக் கொழுந்து பறிப்பவரின் மகளுக்குரிய பங்கிலிருந்து எடுக்கக் கூடாது.