எண்ணுக்குச் சாட்சி யார்?

சர்வதேச வியாபாரத்தையும் நாணயமாற்றையும் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி இளநிலைப் பட்டம் பெறும் பிள்ளைகள் நம்மவருள்ளும் பெருகி வருகின்றனர். லயத்து வீடுகளிற் பிறந்தோரின் மக்கள் சர்வகலாசாலை புகுந்து, நாடுகளின் வரவு செலவை ஆராயும் நிலை எய்தியது மகிழ்தற்குரியதே. ஆயினும் அத்தகைய கட்டுரைகள் சிலவற்றை வாசிக்க நேர்ந்தபோது, பொருளாதார நூலுக்குள் அடங்காத ஒரு கேள்வி என்னுள் எழுந்தது. அதை ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வியென்றே கொள்கிறேன். பிறர் எழுதி வைத்த எண்ணை எடுத்தாளும் மாணவன் அவ்வெண்ணின் மெய்ம்மைக்கு எவ்வளவு பொறுப்பாளி?

“ஒரு சிறிதும் இல்லை” என்பர் பலர். ஐக்கிய நாட்டுச் சபை தொகுத்த புள்ளிவிவரத்தை மாணவன் பெற்றுக்கொள்கிறான், கணிப்பொறி கூட்டிக் கழிக்கிறது, விடை வருகிறது. எண் பிழையாயின் அது தொகுத்தோர் பிழை. இளநிலை மாணவனுக்கு இருப்பதோ சில மாத அவகாசம். அவன் துறைமுகந்தோறும் சென்று மூட்டைகளை எண்ணிப் பார்க்க முடியுமா? இவ்வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் முடிவுரையில் அதே மாணவன் “இதனால் இன்னது நிரூபணமாகிறது” என்று எழுதும்போது, கேட்டதைச் சொல்பவன் கண்டதைச் சொல்பவனாக மாறிவிடுகிறான். நீதிமன்றத்தில் இவ்விருவரையும் ஒருவராகக் கொள்வாரில்லை.

எண் எப்படிப் பிறக்கிறது என்பதைத் தோட்டத்துக் கிராணியாகிய நான் நாள்தோறும் காண்கிறேன். ரப்பர் இன்னும் மிஞ்சியுள்ள தோட்டங்களில், வெட்டிய பால் கொட்டகைக்கு வந்ததும் எடை பார்க்கிறோம். பாலிற் பெரும்பகுதி நீர். ஆகையால் உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்பதை மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைக் கொண்டு கணிப்பது வழக்கம். நுரை அடங்கிய பின் பார்த்தால் ஓர் அளவு. அடங்குமுன் பார்த்தால் வேறோர் அளவு. பாலின் சூடு, கலந்த நீரின் விகிதம், பார்ப்பவன் கண் நிற்கும் உயரம் எல்லாம் அதிற் சேரும். கிராணியின் பசியையும் சேர்த்துக்கொள்ளலாம். அவ்வளவைப் பொறுத்தே பால் வெட்டியவரின் கூலியிற் சில காசுகள் ஏறும், இறங்கும். பிறகு அவ்வெண் மாதக் கணக்கிற் சேர்ந்து, கம்பெனிக் கணக்கில் ஏறி, இலாகாவின் கணக்கிற் புகுந்து, நாட்டின் ஆண்டு உற்பத்தியாகி, கடைசியில் ஒரு மாணவனின் அட்டவணையில் இரண்டு தசமத் தானங்களோடு வந்து அமர்கிறது. இடையில் எவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நுரை இருந்தது என்பதை அட்டவணை சொல்லாது.

வியாபாரக் கணக்கிலோ இந்நுரை இன்னும் அதிகம். விற்கும் நாடு தன் ஏற்றுமதியைக் கப்பலில் ஏற்றிய இடத்து விலையால் எழுதுகிறது. வாங்கும் நாடு பெரும்பாலும் கப்பற் கூலியையும் இன்ஷுரன்சையும் சேர்த்து, வந்திறங்கிய இடத்து விலையால் எழுதுகிறது. சரக்கு ஒன்று, விலை இரண்டு. இதனால் விளைந்த ஒரு பெரிய வழக்கை ஈண்டுச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன்.

மூலப் பொருள் விற்கும் ஏழை நாடுகள், யந்திரப் பொருள் விற்கும் நாடுகளுக்கு எதிரில் நாளடைவில் நலிகின்றன என்று 1949, 1950 ஆம் ஆண்டுகளில் இருவர் எழுதினர். ஒருவர் அர்ஜென்டினா நாட்டு ரவுல் பிரெபிஷ்; மற்றவர் ஐக்கிய நாட்டுச் சபையிற் பணியாற்றிய ஹான்ஸ் சிங்கர். அவர்கள் ஊன்றி நின்ற கணக்குப் பிரிட்டனுடையது. 1876-80 ஆம் ஆண்டுகளின் நிலையை 100 என்று கொண்டால், மூலப் பொருளின் ஒப்பு விலை 1936-38 இல் 64 அளவுக்கு இறங்கியிருந்தது. ரப்பரையும் வெள்ளீயத்தையும் விற்றுப் பிழைத்த நம் நாட்டார்க்கு இது நெஞ்சிற் தைக்கும் செய்தி. ஆனால் 1956 இல் எல்ஸ்வொர்த் என்னும் அமெரிக்க அறிஞர் ஒரு தடை எழுப்பினார். பிரிட்டனில் இறங்கிய மூலப் பொருளின் விலையிற் கப்பற் கூலியும் அடங்கியிருந்தது. நீராவிக் கப்பல்கள் பெருகிய அக்காலத்தில் அக்கூலி வெகுவாய்க் குறைந்தது. ஆகவே லண்டனில் விலை இறங்கியது கொண்டு, விற்ற நாட்டிலும் அவ்வளவே இறங்கியது என்று துணியலாகாது என்றார்.

இதனால் பிரெபிஷ் கட்சி தோற்றுவிடவில்லை. 1988 இல் கிரில்லி, யாங் என்ற இருவர் 1900 முதல் 1986 வரையுள்ள விலைகளை ஆராய்ந்து, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ நூற்றில் அரைப் பங்கு என்ற அளவிற் சரிவு உண்டு என்றே கண்டனர். சரிவு மெய், ஆனால் முதலிற் சொன்ன அளவன்று. ஏழை நாட்டிற்குப் பரிந்து பேசும் நாமே எந்தத் துறைமுகத்தில் நின்று விலையைப் பார்த்தோம் என்று கேட்டிருக்க வேண்டும். எதிர்க்கட்சியார் கேட்டபின் விழிப்பது வழக்காடுவோர்க்கு அழகன்று.

நம் நாட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. விலை விழாதிருக்க ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் திட்டம் 1922 முதல் 1928 வரை ஒருமுறையும், 1934 இல் தொடங்கி மற்றொரு முறையும் நடந்தது. பெருந்தோட்டத்திற்கு இவ்வளவு, சிறுதோட்டக்காரருக்கு இவ்வளவு என்று பங்கு வகுத்தனர். 1946 இல் பி. டி. பௌவர் என்னும் பொருளாதார அறிஞர் மலாயாவிற்கு வந்து சிறுதோட்டங்களை நேரிற் பார்த்தார். 1948 இல் ரப்பர்த் தொழிலைப் பற்றி நூல் வெளியிட்டார். சிறுதோட்டக்காரரின் மரங்கள் தரக்கூடிய அளவைவிடக் குறைவாகவே அவர்கள் பங்கு மதிக்கப்பட்டிருந்தது என்பது அவர் முடிவு. இனி, அக்காலத்து ஏற்றுமதிக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு எழுதும் மாணவனை எண்ணிப் பாருங்கள். அவன் கையில் உள்ளது அனுமதிக்கப்பட்ட அளவு. அவன் எழுதுவதோ விளைந்த அளவென்று. விலை ஏறியும் சிறுதோட்டக்காரன் அதிகம் விற்கவில்லை. ஆகவே அவன் சோம்பேறி, வியாபாரம் அறியாதவன் என்று அம்மாணவன் நல்ல மனத்தோடே தீர்ப்பெழுதிவிடலாம். குற்றமற்ற ஒரு கூட்டத்தார்மீது பழி விழும். பழி சுமத்தியவன் முதல் வகுப்பிற் தேறுவான்.

நிற்க. எண் தவறாயிருப்பது ஒன்று. எண் சரியாயிருக்க, ஆராய்பவன் வேண்டியதை மட்டும் காட்டுவது வேறொன்று. பின்னதே எனக்குப் பெரிய கேடாய்த் தோன்றுகிறது. எனக்குத் தெரிந்த பால்வெட்டுக்காரர் ஒருவரின் மகள், ரிங்கிட்டின் மதிப்பு இறங்கினால் ஏற்றுமதி பெருகுகிறதா என்பதைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். 1998 செப்டம்பர் முதல் 2005 ஜூலை வரை டாலர் ஒன்றுக்கு 3.80 ரிங்கிட் என்று அரசாங்கம் நிலைநிறுத்தி வைத்திருந்ததை யாவரும் அறிவர். அவ்வாண்டுகளைச் சேர்த்துக் கணக்கிட்டால் தொடர்பு ஒன்றும் புலப்படவில்லை. நீக்கினால் அழகாய்ப் புலப்பட்டது. “நீக்கிவிடலாமா, அண்ணன்?” என்று கேட்டாள். முதல் வகுப்பிற் தேறுவோர்க்குக் கல்விக் கடனை நிபந்தனைகளோடு தள்ளிவிடும் வழக்கம் இந்நாட்டில் உண்டு. அவள் குடும்பத்திற்கு அது சிறிய தொகையன்று. ஒன்றும் காணவில்லை என்று முடியும் கட்டுரைக்கு மதிப்பெண் குறையுமோ என்ற அச்சம் நியாயமானதே.

நீக்குவது பாவமன்று. மதிப்பு அசையாத ஆண்டுகளில் அசைவின் பலனைத் தேடுவது வீண் என்று வாதிக்க இடமுண்டு. ஆனால் அந்தக் காரணம் விடையைப் பார்க்குமுன் தோன்றியதா, பார்த்தபின் தோன்றியதா என்பது அவள் ஒருத்திக்கே தெரியும், தேர்வாளருக்குத் தெரியாது. நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் தற்செயலுக்கு இடங்கொடுப்பது இக்கலையின் வழக்கு. அவ்வாறாயின், ஒன்றுமில்லாத இடத்தில் இருபது விதமாய்க் கணக்கிடுவோனுக்கு ஒரு விதத்திலாவது தொடர்பு இருப்பது போலத் தோன்றுவது இயல்பே. அந்த ஒன்றை அச்சிட்டு மற்றப் பத்தொன்பதையும் மறைத்தால், அச்சிட்ட ஒவ்வொரு வரியும் உண்மையாயிருக்க, கட்டுரை முழுவதும் பொய்யாகிறது. செக்ரோலில் எல்லா நாளையும் சரியாய் எழுதிவிட்டு ஒரு பக்கத்தைக் கிழித்தெடுத்த கிராணியை நேர்மையுள்ளவன் என்று யாரும் சொல்லார்.

“பட்டத்திற்கு எழுதும் கட்டுரையை யார் படிக்கப் போகிறார்கள்?” என்று சில ஆசிரியர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். இது பிள்ளைகளை இளமையிலேயே கெடுக்கும் பேச்சு. 2010 இல் ரெயின்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பேராசிரியர், அரசாங்கக் கடன் நாட்டு வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைக் கடந்த நாடுகளில் வளர்ச்சியின் சராசரி பூஜ்யத்திற்கும் கீழே, 0.1 விழுக்காடு குறைவு என்று எழுதினர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அரசாங்கச் செலவைக் குறைக்க வேண்டும் என்றோர் அதை மேற்கோள் காட்டினர். மாசாசுசெட்ஸ் சர்வகலாசாலையில் மேற்பட்டம் பயின்ற தாமஸ் ஹெர்ண்டன், வகுப்புப் பயிற்சியாக அக்கணக்கைத் திரும்பச் செய்து பார்த்தார், விடை பொருந்தவில்லை. கணக்குத் தாளிலேயே ஐந்து நாடுகள் கூட்டலில் விடுபட்டிருந்தன. வேறு சில ஆண்டுகளும் சேரவில்லை. சராசரி கண்ட முறையும் விவாதத்திற்குரியது. தம் ஆசிரியர் இருவருடன் 2013 இல் அவர் வெளியிட்ட திருத்தத்தில் அச்சராசரி 2.2 விழுக்காடு. கூட்டற் பிழையைப் பேராசிரியர்கள் ஒப்புக்கொண்டனர், ஏனையவற்றை ஒப்பவில்லை. ஆயினும் மாணவர் கேட்டதற்கிணங்கத் தங்கள் கணக்குத் தாளையே அனுப்பி வைத்தவர்களும் அவர்களே. அதனை நான் சிறு குணமாகக் கருதவில்லை.

எங்கள் தோட்டத்து மாணவி ஏழு ஆண்டுகளைச் சேர்த்த அட்டவணையையும், நீக்கிய அட்டவணையையும் ஒரே பக்கத்தில் அருகருகே இட்டு, எதை முதலிற் செய்தாள் என்பதையும் எழுதி ஒப்படைத்திருக்கிறாள். வகுப்பு இன்னதென்று அடுத்த மாதம் தெரியும்.