தழும்பின் மேல் ஒரு பாதை

நன்மை ஒன்றை நுகரும்போது, அது எவ்வழியே நம் கைக்கு வந்தது என்று வினவும் வழக்கம் நம்மிடையே அருகி வருகிறது. உண்ணும் சோற்றுக்கும் உடுக்கும் துணிக்கும் பின்னால் யாரோ ஒருவரின் வியர்வை இருக்கிறது என்பதையேனும் அவ்வப்போது நினைக்கிறோம். ஆனால் இயற்கையின் அழகை நாடிச் செல்லும்போது, நம் கைகள் முற்றிலும் தூயவை என்றே எண்ணிக்கொள்கிறோம். காட்டையும் அருவியையும் கண்டு மகிழ்வதில் யாருக்கு என்ன தீங்கு? இலங்கையின் சிங்கராஜ வனத்தில் உள்ள பாதை ஒன்று இந்தக் கேள்வியை நம்மிடமே திருப்பிக் கேட்கிறது.

இரத்தினபுரி, காலி, மாத்தறை ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் பழம்பெருங்காடு அது. அங்குள்ள மர இனங்களுள் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை இத்தீவுக்கே உரியவை. அகன்ற இலைகள் பலவற்றின் நுனி வால்போல் நீண்டிருக்கும். பெய்யும் மழை அதன் வழியே விரைந்து வடிந்துவிடும். வடிந்த நீர் ஓடைகளாகி, பாறைகளில் சரிந்து, சிற்றருவிகளாக வீழ்ந்து, வடக்கே களு கங்கையையும் தெற்கே கின் கங்கையையும் சென்றடைகிறது. அட்டைக்கடியைப் பொறுத்துக்கொள்பவர் எவரும் வழிகாட்டி ஒருவரின் துணையோடு இக்காட்டினுள் நடந்து செல்லலாம். முதியோரும் சிறுவரும் மூச்சிரைக்காது நடக்கத்தக்க இடங்களும் உண்டு.

குடாவ வாயிலிலிருந்து ஆய்வு நிலையத்தை நோக்கிச் செல்லும் அகன்ற வழி அத்தகையது. இவ்வளவு அடர்ந்த காட்டில் இத்தனை எளிய வழி எவ்வாறு அமைந்தது? யாத்திரிகர் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதையன்று அது. 1970களின் முற்பகுதியில், ஒட்டுப்பலகை செய்வதற்கென இக்காட்டின் மரங்களை இயந்திரங்களால் வெட்டத் தொடங்கினர். வெட்டிய மரங்களை ஏற்றிச்செல்லப் போட்ட வழியே இன்று நாம் இன்பமாக நடக்கும் வழி. மக்களின் எதிர்ப்பு வலுத்தது; 1977இல் மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. 1988இல் யுனெஸ்கோ இவ்வனத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மரங்கள் போயின, வழி நின்றது. நம் நடையின் எளிமை, விழுந்த மரங்கள் விட்டுச்சென்ற எளிமை.

அவ்வாறாயின், தீமையின் வழியாக வந்த நன்மையை நாம் எம்மனத்தோடு ஏற்பது?

எளிதான விடைகள் இரண்டு உண்டு. வெட்டியவர் வேறு, நடப்பவர் நாம். பழைய கதையைக் கிளறுவானேன் என்பது ஒன்று. கறைபட்ட நன்மை நமக்கு வேண்டாம், அப்பாதையில் கால் வைப்பதே பிழை என்பது மற்றொன்று. முன்னது மறதிக்கு மன்னிப்பு என்று பெயர் சூட்டுகிறது. பின்னது நம் கைகளைத் தூய்மையாகக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது. காட்டுக்கு அதனால் ஒரு தளிரும் கூடுவதில்லை.

நம் விசுவாசம் மூன்றாவது வழியொன்றைக் காட்டுகிறது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் சீடர் நடுவே தோன்றியபோது, அவருடைய உடலில் ஆணிகளின் தழும்புகள் இருந்தன என்று அருளப்பர் நற்செய்தி கூறுகிறது. மரணத்தை வென்றவருக்குத் தழும்புகளை அழிப்பது அரிதன்று. ஆயினும் அவை அழிக்கப்படவில்லை. தோமையார் ஆண்டவரை அறிக்கையிட்டதும் அத்தழும்புகளின் முன்னிலையில்தான். குணமடைதல் என்பது காயம் நேரவே இல்லை என்று நடிப்பதன்று. தழும்பு உண்மையைச் சொல்கிறது. அந்த உண்மையின் வழியாகவே அருளும் வருகிறது. சிங்கராஜ வனத்தின் பாதையையும் அவ்வாறே காணலாம். தழும்பின் மேல் நடப்பவர் மெதுவாக நடப்பார்.

ஆனால் மெதுவாக நடப்பது மட்டும் போதுமா? சக்கேயு தன் வீட்டில் ஆண்டவரை வரவேற்று மகிழ்ந்ததோடு நின்றுவிடவில்லை. ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். நன்றியுணர்வு ஈடுசெய்தலாகக் கனிய வேண்டும். அதற்கும் இக்காட்டின் ஓரத்திலேயே சான்று உண்டு. வனத்தைச் சூழ்ந்த வெற்று நிலங்களில் காப்பரணாக வெளிநாட்டுப் பைன் மரங்கள் நடப்பட்டிருந்தன. 1990களில் ஆய்வாளர்கள் அவற்றுள் சில வரிசைகளை அகற்றி, எஞ்சிய மரங்களின் நிழலில் இம்மண்ணுக்குரிய அகன்ற இலை மரங்களின் கன்றுகளை நட்டு வளர்த்தனர். அந்நியமான பைன், சொந்தக் காட்டின் செவிலியாயிற்று. கெட்டதை ஒரே நாளில் துடைத்தெறிய இயலாத இடத்திலும் பொறுமையோடு நல்லதை ஊன்ற இயலும் என்பதற்கு இது அடையாளம்.

ஈடுசெய்தலில் மனிதரையும் மறத்தலாகாது. காட்டை ஒட்டிய சிற்றூர்களின் மக்கள் தலைமுறைகளாகக் கித்துள் சீவிப் பாணி காய்ச்சியும், பிரம்பும் மூலிகையும் சேகரித்தும் வாழ்ந்தவர்கள். காடு காக்கப்பட்டபோது அதன் சுமையில் ஒரு பங்கு அவர்கள் தோளில் விழுந்தது. 2020 ஆகஸ்டில் லங்காகம சாலைப்பணி பெருஞ்சர்ச்சையாயிற்று. காட்டுக்கு ஊறு நேரும் என்று இயற்கை ஆர்வலர் அஞ்சினர். தங்கள் ஊருக்குச் சாலை வேண்டும் என்று ஊரார் கேட்டனர். இரண்டும் புறக்கணிக்கத்தக்க குரல்கள் அல்ல. ஓய்வுநாளில் எளிய பாதையில் அருவி காணச் செல்லும் நாம், அன்றாட வாழ்வுக்கு வழி கேட்பவரை நோக்கி, "உங்களுக்குப் பாதை ஆகாது" என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. காட்டைக் காப்பதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்பதும், அவ்விலையில் நம் பங்கை ஏற்பதும் நீதியின் பாற்பட்டவை. உள்ளூர் வழிகாட்டிக்கு மனமுவந்து கூலி தருவதும், அவ்வூர்க் கருப்பட்டியைப் பேரம் பேசாது வாங்குவதும் சிறு தொடக்கங்கள். அவற்றை அறச்செயல் என்று நாம் பெருமை கொள்ள வேண்டியதில்லை, அவை கடன்.

மண்ணுலகின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் சேர்த்தே கேட்குமாறு திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் நம்மை அழைத்தார். எளிமையாகக் கிடைப்பது இழிவானதன்று. இறையருளும் நமக்கு இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் நமக்கு இலவசமானது, தந்தவருக்கு இலவசமாக இருந்ததில்லை. கல்வாரியை அறிந்த நமக்கு இது புதிய பாடமன்று. அருவியின் முன் நிற்கும் நேரத்தில் அதை நினைவில் கொள்வோமானால், நம் மகிழ்ச்சி குறையாது. அதற்கு வேர் உண்டாகும்.