அளவு யாருக்கு உரியது?

உணவுக்கு அளவு வேண்டும் என்பதில் நம் முன்னோர்க்கும் இன்றைய அறிவியலார்க்கும் கருத்து வேறுபாடு இல்லை. அவ்வளவை ஓர் எண்ணாக்கி, 'நாளொன்றுக்கு இத்தனை கலோரி' என்று நாட்டு மக்கள் அனைவர்க்குமான உணவு நெறிகளில் பொறித்தல் தகுமா என்பதே வினா. இது மருத்துவம் பற்றிய வினா மட்டுமன்று. அறம் பற்றியதும் ஆகும்.

நம் நாட்டில் இவ்வாய்வு, 1918-இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறிய ஆய்வுக்கூடத்தில் முளைவிட்டது. அதுவே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. 2020-இல் அந்நிறுவனம் வகுத்த அளவின்படி, 65 கிலோ எடையுள்ள ஆடவர் அமர்ந்து பணிபுரிபவராயின் 2110 கிலோகலோரியும், கடும் உழைப்பாளராயின் 3470 கிலோகலோரியும் வேண்டும். 55 கிலோ எடையுள்ள பெண்டிர்க்கு இவை முறையே 1660, 2720. கருவுற்றோர்க்கு மேலும் 350.

இவ்வெண்களை ஆக்கியோரின் உழைப்பு போற்றத்தக்கது. எனினும், இவை சராசரிகள் என்பதை மறத்தல் ஆகாது. ஆசிரியப் பயிற்சி பெறும் மாணவர்க்கு நாம் முதலில் உணர்த்துவது, வகுப்பின் சராசரி மதிப்பெண் எந்த ஒரு மாணவனின் மதிப்பெண்ணும் அன்று என்பதே. உணவின் சராசரியும் அத்தகையதே. அமர்ந்து பணிபுரியும் அதே 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 2010-இல் 1900 என்று கூறிய நிறுவனமே, 2020-இல் 1660 என்றது. மாறியது கணிக்கும் முறையேயன்றி, அப்பெண்ணின் பசியன்று. மேலும், பருப்பிலும் கீரையிலும் கிடைக்கும் 100 கலோரியையும், சர்க்கரைப் பானத்தில் கிடைக்கும் 100 கலோரியையும் எண் வேறுபடுத்திக் காட்டாது. இதனை உணர்ந்தே பிரேசில் நாடு 2014-இல் வெளியிட்ட நெறிகளில் கலோரிக் கணக்கை முன்வைக்காமல், இயற்கை உணவை அடிப்படையாகக் கொள்க, கூடியவரை பிறருடன் அமர்ந்து உண்க என்று அறிவுறுத்தியது.

அங்ஙனமாயின் எண்ணை நீக்கிவிடலாமோ? அதுவும் நன்றன்று. எண் இல்லாவிடத்துப் பசியை மறைத்தல் எளிது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், பள்ளி மதிய உணவில் தொடக்க வகுப்புக் குழந்தைக்கு 450 கிலோகலோரியும் 12 கிராம் புரதமும், நடுநிலை வகுப்பினர்க்கு 700 கிலோகலோரியும் 20 கிராம் புரதமும் இருத்தல் வேண்டும் என்று இயற்றப்பட்டபோது வகுத்தது. இவ்வெண் இல்லையேல், 'சோறு போட்டோம்' என்னும் சொல்லோடு கடமை முடிந்துவிடும். நீர்த்த சாம்பாரைச் சுட்டிக் கேட்கத் தாய்க்குச் சான்று இராது. அதே சட்டம் பெரும்பாலான பயனாளிகளுக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ தானியம் வழங்குகிறது. அரிசியாயின் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 580 கிலோகலோரியே. எஞ்சியது எங்கிருந்து வரும் என்று கேட்கும் துணிவை நமக்குத் தருவது இவ்வெண்ணேயாகும்.

ஆதலின், எண் நெறிகளில் இருத்தல் வேண்டும். ஆயின் அது உண்பவர்க்கு இட்ட கட்டளையாக அன்றி, உணவளிப்பவரின் கடமையாக இருத்தல் வேண்டும் என்பதே நம் துணிபு. அரசும் பள்ளியும் விடுதியும் எண்ணுக்குக் கட்டுப்படட்டும். இல்லத்தாரிடம் பேசும்போது நெறிநூல் பருப்பு, கீரை, கனி, சிறுதானியம் என்று உணவின் பெயராலேயே பேசட்டும். நோய் காரணமாக எண்ணிக் குறைத்து உண்ண வேண்டியவர்க்கு மருத்துவர் தனியே கூறட்டும். வளரும் பெண்மக்கள் ஒவ்வொரு கவளத்தையும் கணக்கிட்டு அஞ்சி உண்ணும் நிலையை ஒரு பொது எண் தோற்றுவித்தல் ஆகாது.

இக்கடமை அரசோடு நின்றுவிடுவதன்று. இல்லந்தோறும் உணவளிப்போர் உளர். கடும் உழைப்புடைய பெண்ணுக்கு 2720 என்கிறது நூல். களை பறித்து வீடு திரும்பி, சமைத்து, எல்லோரும் உண்டபின் பாத்திரத்தில் எஞ்சியதை உண்பவளுக்கு அதில் எத்தனை கிட்டும்? நம் இலையை அளக்க நமக்கு எண் வேண்டியதில்லை. வயிறே போதிய அளவுகோல். கடைசியாக உண்பவரின் இலையை அளக்கவே எண் வேண்டும். அவ்விலையில் குறைவு காணின், அதனை நிறைத்த பின்னரே நாம் கை கழுவுவோமாக.